கைராசி தேர்தலில் நின்றது

என் கணவருக்குக் கைராசி உண்டு என்று ஊர் சொன்னது. அவர் காதில் அந்தச் சொல் விழுந்தாலே எரிந்து விழுவார். "ராசியாவது மண்ணாங்கட்டியாவது! மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு" என்பார். அன்னூருக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டிலேயே எங்கள் கிளினிக் இருந்தது. அவர் உள்ளறையில் நோயாளிகளைப் பார்ப்பார். நான் வெளியே மருந்து எடுத்துக் கொடுப்பேன். பி.பார்ம். முடித்துவிட்டு கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான்.

என்னிடம் மாத்திரை வாங்கியவர்கள் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போவார்கள். "ஏனுங்க டாக்டரு, ஒருக்கா உங்க கையால தொட்டுக் குடுத்துருங்க" என்று நீட்டுவார்கள். அப்படியென்றால் என் கை என்ன, விளக்கமாறா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊசியை நர்ஸ் போட்டால் காய்ச்சல் இறங்காதாம், அவர்தான் போட வேண்டுமாம். நோயோடு நின்றார்களா என்றால் அதுவும் இல்லை. யார் கடை திறந்தாலும் முதல் போணி அவர் கையால்தான் ஆக வேண்டும். புதிதாக ஒரு பேக்கரி திறந்தபோது அவர் வாங்கிவந்த பன்னைத் தின்று எங்களுக்கு நாக்கே செத்துப்போயிற்று.

அந்த ராசியின் சூட்சுமம் எனக்குத் தெரியும். தன்னால் முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்லி, கோயமுத்தூருக்கு அனுப்பிவிடுவார். போனவர்கள் பிழைத்தால் நேரத்துக்கு அனுப்பிய புண்ணியவான் இவர். பிழைக்காவிட்டால் அது அங்கிருந்த டாக்டரின் பாவம். இதை அவரிடமே சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். சிரித்துவிட்டு, "நேரத்துக்கு அனுப்பறதும் வைத்தியம்தான் புள்ள" என்பார்.

அரசியல் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு சாவினால். நாங்கள் கர்ப்பம் உறுதி செய்து அனுப்பிய ஒரு பெண்ணுக்கு ராத்திரியில் வலி கண்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. கோயமுத்தூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தோட்டத்து வேலைக்குப் போகிற குடும்பம். அந்த எழவுக்குப் போய்விட்டு வந்தவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மனு எழுதினார், அதிகாரிகளைப் பார்த்தார், எதுவும் நகரவில்லை. அந்தச் சமயத்தில்தான் கட்சிக்காரர்கள் வந்து, நீங்களே நின்றால் என்ன என்று கேட்டார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு தடவை. அந்த ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர் வந்துட்டா நான் திரும்பி வந்தர்றேன்" என்றார்.

சுவரெல்லாம் எழுதினார்கள்: 'கைராசி டாக்டருக்கே உங்கள் ஓட்டு.' கை என்று எழுதினால் வேறு சின்னம் ஞாபகத்துக்கு வராதா என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். இவருக்கு வந்தது வேறு கோபம். படித்தவன் பெயரில் இப்படி எழுதலாமா, அழிங்க என்று சத்தம் போட்டார். கட்சியின் ஒன்றியச் செயலாளர் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, பொறுமையாகக் காபி குடித்து முடித்தார்.

"நீங்க நம்போணும்னு இல்லீங்க டாக்டரு. சனம் நம்புதுங்கல்ல, அது போதுமுங்க."

சுவரில் எழுதியது அப்படியே நின்றது. அப்புறம் பிரசார வேனை நிறுத்தி நிறுத்திக் குழந்தைகளை நீட்டினார்கள். இவரும் ஒவ்வொரு தலையையும் தொட்டார். முதல் வாரம் கூச்சத்தோடு தொட்டவர், கடைசி வாரம் தானாகவே கையை நீட்டினார். வேனுக்குப் பின்னால் காரில் இருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. ஜெயித்தார்.

குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்தார். சென்னைக்கு நடையாய் நடந்து, சட்டசபையில் பேசி, கோட்டையில் காத்துக் கிடந்து, அந்த ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர்களைக் கொண்டுவந்தார். புதுப் பிரசவ வார்டும் வந்தது, டயாலிசிஸ் மிஷினும் வந்தது. ஆனால் கிளினிக் பூட்டியே கிடந்தது. ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திறந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைக் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துக்கொண்டன.

காலையில் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். பட்டா, டிரான்ஸ்பர், போர்வெல், தெருவிளக்கு. அந்தக் கூட்டத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். எம்.எல்.ஏ. முன்னால் இருமுவது மரியாதையா? ஒருமுறை ரோடு கேட்டு வந்த பெரியவர் ஒருவரின் காலையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார். "கால் வீங்கியிருக்குதுங்களே, படுத்தா மூச்சு வாங்குதுங்களா?" என்றார். அந்த மனிதர் வெட்கத்தோடு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்த ரோட்டை மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதுமுங்க." அன்று இரவு சாப்பிடும்போது இவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே தடவை என்றவரைக் கட்சி விடவில்லை; அடுத்த தேர்தலிலும் நின்றார், தோற்றார். மாநிலம் முழுக்க அடித்த காற்று, இவரையும் அடித்துக்கொண்டு போனது. ஓட்டு எண்ணுகிற இடத்திலிருந்து கடைசிச் சுற்றுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவரோ சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "உடு புள்ள. திங்கக்கிழமை கிளினிக்கைத் திறந்தர்லாம்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைப் போல இருந்தார்.

கிளினிக்கைக் கழுவிவிட்டோம். காலாவதியான மருந்தையெல்லாம் கொட்டிவிட்டுப் புதுசு வாங்கி அடுக்கினேன். திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தோற்றவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருக்கிறார்கள் போல என்று நானே ஒரு சமாதானம் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் அன்னூர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் நிற்பது தெரியாமல் கடைக்காரம்மா பக்கத்துக் கடையில் சொன்னது என் காதில் விழுந்தது.

"அவுருக்கே அவுரு கை கொடுக்கலீங்கக்கா. நமக்கு என்னத்தக் கொடுக்கப்போவுது?"

தக்காளியைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்தேன். சண்டை போட்டிருப்பேன். யாரோடு போடுவது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ராசியைச் சுவரில் எழுதி ஓட்டுக் கேட்டது நாங்கள்தானே. ராசிக்கு விழுந்த ஓட்டு குறைந்தபோது ராசியும் குறைந்தது என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பைத்தியக்காரக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆட்கள் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காரில் வயதான அம்மாவை உட்கார வைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே வருவான். "கோயமுத்தூருல பெட் கிடைக்க மாட்டேங்குதுங்க அய்யா. நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லிப்போட்டீங்கன்னா..." என்பான். இவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். "இருங்க, அம்மாவை ஒருக்கா நான் பாத்தர்றேன்." "அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று பதறிப்போய்த் தடுப்பான். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, வசவு வாங்கினாலும் தாங்கலாம், அதைத் தாங்க முடியாது. இவர் உட்கார்ந்து போன் போடுவார். தனக்குப் பின்னால் படித்து வந்த டாக்டர்களிடம், "நம்ம ஊர்க்காரங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கெஞ்சுவார்.

ஒரே ஒருவர் மாறாமல் வந்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் எதிரே தையல் கடை வைத்திருந்த பாய். சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான். "ஓட்டு வேறங்க, ஒடம்பு வேறங்க டாக்டரு. நமக்கு உங்க கைதான்" என்பார். அவர் வருகிற நாளில் என் கணவருக்குக் குரலே மாறிவிடும். தேவையில்லாமல் இரண்டு முறை பிரஷர் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் பாயை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். விடியும்போதே நெஞ்சு வலித்திருக்கிறது. கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பக்கத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரியும் டாக்டர் இருக்கிறார், இவரே கொண்டுவந்து வைத்த டாக்டர். அந்த வாசலைத் தாண்டித்தான் ஆட்டோ எங்களிடம் வந்திருக்கிறது. மகன் அங்கே நிறுத்தச் சொன்னதற்கு, பாய்தான் வேண்டாம் என்று தலையை ஆட்டினாராம். இவர் இ.சி.ஜி. எடுத்தார், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். மாத்திரையை நான்தான் எடுத்து நீட்டினேன், இவர் பாயின் வாயில் போட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பாய் போய்விட்டார்.

மகன் அழுதுகொண்டே இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னங்க பண்ணுவீங்க, அத்தாவுக்கு நேரம் அவ்வளவுதானுங்க" என்றான். யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இவர் வாதாடியிருப்பார், இ.சி.ஜி.யைக் காட்டியிருப்பார், விடியும்போதே வந்திருக்க வேண்டும் என்று கத்தியிருப்பார். அடக்கத்துக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தார். வந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அதற்குப் பிறகு மாறிப்போனார். தப்பித்தவறி யாராவது வந்தால் பத்தடி தள்ளி நின்று கேட்பார். சாதாரணச் சளிக்கு எழுதிய மருந்தை என்னிடம் காட்டி, "சரிதானே?" என்பார். முப்பது வருடமாக எழுதிய மருந்து. "சரியாத்தான் இருக்குது, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். பிறகு வருகிற ஒன்றிரண்டு பேரையும் கோயமுத்தூருக்கே அனுப்ப ஆரம்பித்தார். காய்ச்சலையும் அனுப்பினார், கட்டியையும் அனுப்பினார்.

போன பொங்கல் நோம்பிக்கு எங்கள் மகள் பேத்தியோடு வந்திருந்தாள். மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் குழந்தை சுணங்கிப் படுத்துவிட்டது. மகள் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இவளுக்கு மேல் சுடற மாதிரி இருக்குது. கொஞ்சம் பாருங்க."

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். குழந்தையின் நெற்றிப் பக்கம் கை போயிற்று, பாதியில் நின்றது. நின்ற கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆர்.எஸ்.புரத்துல குழந்தை டாக்டருகிட்டயே காட்டிரலாம் கண்ணு. இன்னைக்கும் இருப்பாரு."

"வெறும் சளிதாம்ப்பா. நீங்க பாத்தாப் போதும்."

"என் கை வேண்டாம் கண்ணு."

ஊரே சொன்னபோது நம்பாத மனுஷன். சுவரில் எழுதியபோது அழிக்கச் சொன்ன மனுஷன். "நீங்களுமாங்க?" என்றேன். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, குழந்தையின் நெற்றியில் வைத்து, என் கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன். குழந்தை கண்ணைத் திறந்து, தாத்தா என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

"சொல்லுங்க. காய்ச்சல் எவ்வளவு இருக்குது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தெரியலை புள்ள" என்றார். "நெசமாலுமே எனக்குத் தெரியலை."

மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் சாவியைத் தேடினாள்.