இருநூறு மீட்டர் என்று எழுதிய கடிகாரம்

1. கல்யாணத்தன்று என் அண்ணன், மச்சான் மோதிரத்தோடு ஒரு கைக்கடிகாரத்தையும் என் கணவருக்குக் கட்டிவிட்டான். நீரில் மூழ்குபவர்கள் கட்டும் வகை. முகப்பில் ‘200 மீட்டர்’ என்று எழுதியிருந்தது.

2. அது வெளிநாட்டுக் கடிகாரம் ஒன்றின் ஃபர்ஸ்ட் காப்பி, அசல் மாதிரியே செய்த போலி. அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் கணவருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

3. மழை நின்றபோது எங்கள் ஊர்ப் பக்கத்துத் தாமல் ஏரி நிரம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் கணவர் அங்கே நீந்தப் போனார்.

4. உள்ளே போக பதினைந்து நிமிடம், திரும்பிவர பதினைந்து நிமிடம். அவர் தெம்பு அவ்வளவுதான் என்று அவருக்கே தெரியும். அதனால், திரும்ப வேண்டிய நிமிடத்தைக் காட்டும்படி கடிகாரத்தின் வெளிவளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இறங்குவார்.

5. மூன்றாவது ஞாயிறு, நடுவில் ஒருமுறை பார்த்தார். திரும்புவதற்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. நெடுநேரம் நீந்திவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஆறு நிமிடம்தான் இருந்தது.

6. திரும்பும் வழியில் தோள் பிடித்துக்கொண்டது. ஏரிக்குள் தலை மட்டும் வெளியே தெரிந்த ஒரு கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். வலை போட வந்த ஒருவர் அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்.

ஏரியில் நடந்தது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைய முடியாமல் கையை உதறினார். உள்ளங்கை முழுக்க முள். நான் ஊசியைச் சுட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“மச்சான்கிட்ட சொல்லாதமா. ஆசையா கட்டினது.”

“கையெல்லாம் முள்ளா இருக்குதுங்க.”

“முள்ளு மரத்தோடது. வாட்ச் இன்னா பண்ணும்?”

பதினோரு முள் எடுத்தேன். பன்னிரண்டாவது உள்ளேயே ஒடிந்துவிட்டது.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார் முகப்பு விளக்குகளுக்குள் தண்ணீர் புகுமா என்று சோதிப்பதுதான் என் வேலை. வேன் ஏறி நாள்தோறும் போய் இதைத்தான் செய்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், என் வீட்டு ஆள் கையில் இருந்ததைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோபம் முதலில் என்மேல்தான் வந்தது.

திங்கட்கிழமை கடிகாரத்தை வேலைக்கு எடுத்துப் போனேன். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டேன். கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்தது. உள்ளே ஈரம். சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, அதைக் காற்றழுத்தக் கலத்தில் வைத்தேன். கிணற்றில் ஓர் ஆள் ஆழத்துக்கு இருக்கும் அழுத்தம், அதற்குமேல் இல்லை. பிறகு எடுத்துத் தண்ணீரில் போட்டபோது, உள்ளே புகுந்திருந்த காற்று நேரம் திருப்பும் திருகுக்குப் பக்கத்திலிருந்து வரிசையாகக் குமிழிகளாகக் கிளம்பியது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “சோடா பாட்டில் மாதிரி இருக்குதேமா” என்று போய்விட்டார்.

அண்ணன் பட்டுச் சேலை உற்பத்தி செய்பவன். தறிக்காரர்களுக்குப் பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுப்பான், நெய்து வந்த சேலையை எடைபோட்டு வாங்குவான். போலி ஜரிகையை விரலால் தடவியே சொல்லிவிடுவான். அவன் எப்படி இதை வாங்கினான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. என் கணவர் சொல்ல வேண்டாம் என்றதை மீறி, நேராகப் போய்க் கேட்டேன்.

“வாங்கிக்கினு வந்ததும் பட்டுத் தராசுல வச்சேன்மா. ஒரிஜினலுக்கு நெட்டுல இன்னா எடை போட்டிருக்கானோ அதே எடை. ஒரு கிராம் கம்மி இல்ல.”

“எடைக்கும் தண்ணிக்கும் இன்னா சம்பந்தம்ணா?”

“உள்ள கம்மி சரக்கு போட்டிருந்தா எடை காட்டிக் குடுத்துடும். ஊரே அதுலதான் நடக்குது.”

“ஈரப் பட்டு குடுத்து எடைய ஏத்திடறாங்கன்னு நீதானே திட்டுவ? இப்ப வச்சிப் பாரு. இந்த வாட்சும் எடை ஏறித்தான் இருக்கும்.”

அண்ணி உள்ளே சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. மரத்தையும் முள்ளையும் பற்றிச் சொன்னதும் அவன் முகம் மாறியது. கடிகாரத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, ஓட வைத்து, ரப்பர் வளையம் மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னைப் பார்க்காமல் என் கணவரிடம் நீட்டினான்.

“மாப்ளே, இப்ப புதுசு. கடல்லயே குதிக்கலாம்.”

“குடுண்ணா, ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டுத் தர்றேன்.”

“மச்சான் கட்டினத தண்ணில முக்கிப் பாப்பியா நீ? அந்த மோதிரத்தையும் எடுத்துக்கினு போயி உரசிப் பாரேன்.”

அதற்குமேல் நான் பேசினால் அது கடிகாரத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது. என் கணவர் பிளாஸ்திரி ஒட்டிய கையை நீட்டினார். அண்ணனே கட்டிவிட்டான். “சூப்பர் மச்சான்” என்றார் அவர். எனக்கு இருவரையும் ஏரியில் தள்ளலாம் போலிருந்தது.

காப்பிக் கடிகாரத்தோடு தண்ணீரில் இறங்கலாமா என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. காப்பிக் கடிகாரம் எல்லாமே ஒழுகும் என்று நான் சொல்லமாட்டேன். சில தாங்கலாம். ஆனால் எது தாங்கும் என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. மூழ்குவதற்கான அசல் கடிகாரம் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழுத்தத்தில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனையின் முடிவைத்தான் முகப்பில் எழுதுகிறார்கள். காப்பியில் அந்த எழுத்தும் காப்பிதான். கை கழுவலாம், மழையில் நனையலாம், அதற்கே ஒருமுறை துடைத்து, கண்ணாடிக்குள் பனி படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நீந்தும்போது நேரத்துக்காக அதை நம்பக் கூடாது. ஒழுகினால் கடிகாரம் போகிறது, போகட்டும். நின்றுபோன முள் இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது என்று காட்டும்போது, பார்ப்பவர் நடு ஏரியில் இருக்கிறார்.

இதை என் கணவரிடம் சொன்னேன், இரண்டு முறை. “மச்சான் மனசு கஷ்டப்படும்மா” என்றார், இரண்டு முறையும். வேறு கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்றேன். அதைக் கட்டிக்கொண்டு எப்படி மச்சான் முன்னால் நிற்பது என்றார். மச்சான் ஏரிக்கே வருவதில்லை.

இன்றைய நிலவரம் இது. ரப்பர் வளையம் மாற்றிய பிறகு அந்தக் கடிகாரத்தை யாரும் சோதிக்கவில்லை. அவர் அதைக் கட்டிக்கொண்டுதான் நீந்துகிறார். நானும் ஞாயிறுதோறும் கூடப் போகிறேன். போனில் பதினைந்து நிமிடம் வைத்துக்கொண்டு கரைமேல் நிற்கிறேன். மணி அடித்ததும், அவர் திரும்பும்வரை ஸ்கூட்டி ஹாரனை விடாமல் அழுத்துகிறேன். போன வாரம் அவர் உடனே திரும்பவில்லை, ஹாரன் கேட்கவில்லையாம். அவர் ஹாரன் கேட்கும் தூரத்தில் இருக்கும்போதே அடிக்கட்டும் என்று, இந்த வாரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு வைத்திருக்கிறேன்.