மதகடியில் நான் குறுக்கே பேசியது

எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசையின் நடுவே, "ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம்" என்று சாமியார் சொல்லும் நேரம் ஒன்று உண்டு. பக்கத்தில் நிற்பவர் பக்கம் திரும்பி, கைகூப்பி, "சமாதானம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மூன்று வருடமாக அந்த நேரம் எனக்குப் பெரும் பாடாக இருந்தது. என் பக்கத்தில் நிற்பவர் என் அண்ணன். என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவர்.

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், சுவர் ஓரம் அண்ணன், அவருக்கு அடுத்து நான். அப்பா இருந்த காலத்திலிருந்தே அதுதான் எங்கள் இடம். பேச்சு நின்ற பிறகும் இருவரும் இடத்தை மாற்றவில்லை. மாற்றினால் ஊர் பார்க்கும் என்று எனக்கு ஒரு கூச்சம். அவருக்கு என்ன காரணமோ தெரியாது. சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்புவார். முகத்தைப் பார்க்க மாட்டார். சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்து, "சமாதானங்க" என்பார்.

நான் பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட்டவர் அவர். எனக்குக் கல்யாணமாகி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தாத்தாவான பிறகும் "டேய்"தான். அந்த வாயிலிருந்து "ங்க" வந்தால், நடுவில் ஒரு ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும்.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். பண்ணை வீட்டுப் பிள்ளைகள், பத்து வயசு, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள், அவரை "டேய், இங்க வாடா" என்று கூப்பிடுவார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இதோ வந்துட்டேங்க ஐயா" என்று ஓடுவார். நான் சின்னவன், எனக்கு அது பழக்கமாகிவிட்டது. அண்ணனுக்குப் பழகவில்லை. அந்தக் குரல் கேட்டால் அவர் எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விடுவார். பிறகு காலம் மாறியது. நாங்கள் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாக்கி, பயிர் வைக்கிற சம்சாரி என்று பெயர் வாங்கினோம். சில வருடம் முன்பு எங்கள் வாய்க்காலுக்குப் பாசன சங்கம் வைத்தபோது, அண்ணனைத் தலைவராகப் போட்டார்கள். பொறுமையான மனுஷர், யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார் என்பதற்காக.

முதல் கூட்டத்துக்கு வந்த இன்ஜினியர், "தலைவரே வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார். அன்று வீட்டுக்கு வந்து அண்ணியிடம் இதை மூன்று தடவை சொன்னாராம்.

வீட்டுக்குள் நான் அண்ணனை "நீ" என்றுதான் சொல்வேன். "நீ சாப்ட்டியா", "நீ சும்மா இரு", எல்லாம் உண்டு. வெளி ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்றால், அதே நிமிடத்தில், "அண்ணன் உள்ளதான் இருக்காங்க, உக்காருங்க" என்று வாய் தானாக மாறிவிடும். யாரும் சொல்லித்தரவில்லை. கோயிலில் ஆண்டவரிடம் "நீர் எங்களைக் காத்தருளும்" என்று படிக்கிறோம். அறுப்பு நேரத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தால், "ராசா, ரெண்டே ரெண்டு நாள் பொறுத்துக்கப்பா" என்று வயலில் நின்று அவரிடமே கெஞ்சுகிறோம். இரண்டும் அவருக்குப் போய்ச் சேருகிறது என்றுதான் என் நம்பிக்கை. எந்தப் பேச்சு எந்த இடத்துக்கு என்று வாய்க்குத் தெரியும். ஒரே ஒரு நாள் என் வாய்க்கு அது தெரியாமல் போயிற்று.

எங்கள் வாய்க்கால் கடைமடை. மேட்டூர் தண்ணீர் திறந்தால் எல்லோருக்கும் பாய்ந்த பிறகுதான் எங்களிடம் வரும். வாய்க்காலில் காட்டாமணக்குச் செடி மண்டிக் கிடந்தால் அதுவும் வராது. ஒரு சித்திரையில், எந்த வாய்க்காலைத் தூர்வாருவது என்று பார்க்க இன்ஜினியர் மதகடிக்கு வந்தார். இருபது, இருபத்தைந்து பேர் கூடிவிட்டோம். ஜீப்பை அணைக்கவே இல்லை, உறுமிக்கொண்டே நின்றது. அண்ணன் தொடங்கினார். வந்ததற்கு நன்றி சொன்னார். இந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது, எத்தனை மா நிலம் பாய்கிறது என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு போனார். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பதறியது. இந்த மனுஷன் ஜீப்பில் ஏறிவிட்டால் இந்த வருடமும் தண்ணீர் இல்லை.

"ஏய், நீ சும்மா இரு. உனக்குச் சொல்லத் தெரியல, தள்ளு" என்று அண்ணனைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் போனேன். நான்கே வார்த்தையில் சொல்லி முடித்தேன்.

கூட்டத்தில் ஒருத்தன், "சரிதான், தலைவருக்கு மேல ஒரு தலைவரு இருக்காருடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். வாய்க்காலை எழுதிக்கொண்டார். பத்து நாளில் மெஷின் வந்து வெட்டியும் விட்டது.

நான் காரியத்தை முடித்த சந்தோஷத்தில் இருந்தேன். அண்ணன் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசவே இல்லை.

பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் பேசாமல் இருக்க முடியாது. அதற்கும் ஒரு வழி உண்டல்லவா? அண்ணன் வரப்பில் நின்று தன் மாட்டிடம் சொல்வார்: "மூணு மணிக்கு மடைய மாத்தணும்னு சில பேருக்கு நெனப்பே இல்ல போலருக்கு."

நான் எதிரே நிற்கும் கொக்கிடம் சொல்வேன்: "அதெல்லாம் அப்பவே மாத்தியாச்சு. கண்ணு இருக்கறவங்க பாத்துக்கலாம்."

"பாத்துக்கிட்டுதான் இருக்கு" என்பார் மாட்டிடம்.

பக்கத்து வயலில் நடவு நட்ட பெண்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். "அண்ணனுக்கு மாடு, தம்பிக்குக் கொக்கு. நல்லா அமைஞ்சுதுடி" என்று ஒருத்தி பாட்டாகவே இழுத்தாள். எனக்கும் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் இறங்காது.

மன்னிப்புக் கேட்காமல் இல்லை. பெரிய வெள்ளிக்கு முன்பு அண்ணன் வீட்டுக்குப் போய், கூடத்தில் வைத்துக் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "எழுந்திருங்க. காப்பி சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். உள்ளே போய்விட்டார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பரிகாரமாக ஜெபம் கொடுத்தார் சாமியார். முழங்காலில் இருந்து சொல்லி முடித்தேன். மனசு ஆண்டவர் பக்கம் சரியாயிற்று. அண்ணன் பக்கம் அப்படியே இருந்தது.

கடைசியில் அண்ணியிடம்தான் போய் நின்றேன். மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, நான் என்னதான் பண்ணணும்? நீங்களாவது அண்ணங்கிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"நான் என்ன சொல்றது? நீ வந்து கால்ல விழுந்தியே, அத யாரு பாத்தா?"

"நீங்க பாத்தீங்க."

"நானும் பூனையும் பாத்தோம்." பிழியும் அச்சை அழுத்தி ஒரு திருகு திருகினார். "நாலு பேரு முன்னால அவுத்த வேட்டிய நாலு செவுத்துக்குள்ள கட்டிவிட்டா சரியாப் போச்சா? தள்ளி நில்லு, வடகத்துல நெழல் விழுது."

படி இறங்கும்போது அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது. எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒரு அதிகாரி இழுத்துப் போட்ட நாற்காலி. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் எங்கள் அப்பாவைக் கூப்பிட்ட அதே குரலில் நான் அண்ணனைத் தள்ளு என்றிருக்கிறேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார்.

இந்த வருடம் மறுபடி தூர்வார எழுதுவதற்கு ஆள் வந்தார். இவர் புது இன்ஜினியர், சின்ன வயசு. அதே மதகடி, ஏறக்குறைய அதே கூட்டம். அண்ணன் அதே மாதிரி நன்றியில் தொடங்கினார். வாய்க்கால் பிரியும் இடத்துக்கு வருவதற்குள் இன்ஜினியர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் தலையைத் தூக்கி, முன்னால் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. சுருக்கமா. எந்த எடத்துல அடைப்பு?" என்றார்.

எனக்குத் தெரியும். கடைசி இருநூறு அடி. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் மெஷின் வரும். கூட்டம் என் வாயைப் பார்த்தது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு மதகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"சார், தலைவர் இருக்காங்க. அவங்கதான் சொல்லணும். அவங்க என் அண்ணன். மூணு வருஷத்துக்கு முன்ன இதே எடத்துல, இதே ஆளுங்க முன்னால, அவங்க பேசுறப்ப நான் குறுக்க பேசிட்டேன். அது தப்பு. அண்ணன் சொல்லட்டும், நாங்க நிக்கிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரிப்பைக் கிளப்பியவன் கீழே குனிந்து மண்ணைப் பார்த்தான்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அவசரப்படவில்லை. இன்ஜினியர் பாதி கேட்டார். "பாக்கலாம் தலைவரே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். பிறகு மெஷின் வந்தது. மேலே இருந்து வெட்டிக்கொண்டே வந்தது. எங்கள் கடைசி இருநூறு அடிக்கு முன்னால், அவ்வளவுதான் உத்தரவு என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டது.

அன்று ராத்திரி நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். மதகடியில் நான் வாயைத் திறந்திருந்தால் இந்த இருநூறு அடியும் ஆகியிருக்குமோ? ஆகியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. தண்ணீர் திறக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை, கோயிலில் முதல் மணி அடித்ததும் வீட்டில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது.

"டேய்!"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண் என் முகத்தில்தான் இருந்தது. ஜெபத்தை நடுவில் விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எழுந்துவிட்டேன்.

அண்ணன் தலைப்பாகையும் தோளில் மண்வெட்டியுமாக நின்றார். "என்னடா பாக்குற? மெஷின் வரலன்னா தண்ணி தானா வந்துடுமா? மம்பட்டிய எடுத்துட்டு வா."

"இதோ வந்துட்டேங்க" என்றேன். எந்தப் பேச்சு பேசுவது என்று பிடிபடவில்லை.

இருவரும் வாய்க்காலில் இறங்கினோம். காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டே போனோம். ஒரு மணி நேரம் போயிற்று. அண்ணனுக்கு வயதாகிவிட்டது. ஒரு தடித்த வேரை மூன்று வெட்டு வெட்டியும் விடவில்லை. மண்வெட்டி வழுக்கி வழுக்கிப் போனது.

ஒரு பேச்சு என் வாய் வரை வந்தது. நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தேன். மேலே வரப்பில் யாரும் இல்லை. நடவு ஆட்கள் இன்னும் வரவில்லை. கரையில் ஒரு கொக்கு மட்டும்.

"ஏய், நீ சும்மா இரு. உனக்கு வெட்டத் தெரியல, தள்ளு" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தார். அவரும் வரப்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒதுங்கி எனக்கு இடம் விட்டு, கரையில் உட்கார்ந்து, சிரிக்கத் தொடங்கினார்.