தரையில் ஓடிய வண்டிகள்

அந்தத் தெருவில் அவரைச் சிக்னல்காரர் என்றால்தான் தெரியும். சாலைச் சந்திப்புகளில் நிற்கும் போக்குவரத்து விளக்குகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. மதியம் இரண்டு மணிக்குப் போனால் வீடு வந்து படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடும். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவள் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பி, இவர் புறப்படும் நேரத்துக்குத்தான் திரும்பி வருவாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பது விடுமுறை நாளில் மட்டும்தான்.

தொல்லை அந்தக் கதவில்தான் ஆரம்பித்தது. எவ்வளவு பதமாகச் சாத்தினாலும் தாழ்ப்பாள் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்த டிக்கைக் கேட்பதற்கென்றே உள்ளறையில் ஒரு ஜீவன் காத்துக் கிடக்கும். நாலு வயது மகள், குருவி. செல்லப்பெயர் வைத்த ராசியோ என்னவோ, அசல் குருவிகளே புரண்டு படுக்கும் நேரத்தில் இவள் எழுந்துவிடுவாள். எழுந்தவள் சும்மா இருப்பாளா? இரண்டு வயதுத் தம்பி உருண்டையை உலுக்கி எழுப்பி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து, அப்பாவின் மூக்குக்கு நேராகத் தன் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"அப்பா, விடிஞ்சிடுச்சு."

வெளியே கும்மிருட்டாக இருக்கும்.

அவர் செய்து பார்க்காத வித்தை இல்லை. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். பிள்ளைகள் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். பிள்ளைகளை ராத்திரி தாமதமாகத் தூங்க வைக்கும்படி மனைவியிடம் சொன்னார். அப்போதும் அதே நாலு மணிக்குத்தான் எழுந்தார்கள், தூக்கம் போதாத அழுகை வேறு சேர்ந்துகொண்டது. "சின்னப் பிள்ளைங்கதானேங்க, வளர்ந்தா சரியாயிடும்" என்றாள் மனைவி. அதுகள் வளரும்வரை நான் ஆளாக இருக்க வேண்டுமே என்று இவர் மனதுக்குள் முனகிக்கொண்டார்.

முதலில் அது வெறும் அலுப்புதான். பயமாக மாறியது ஒரு திங்கட்கிழமை.

நாலு முனைச் சந்திப்பு ஒன்றில் பழைய கம்பிப் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தார். பெட்டி நிறைய வண்ண வண்ணமாகக் கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் இடம். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை என்று ஒரு காலத்தில் பெருமையடித்துக்கொண்டவர், அன்றைக்கு நிஜமாகவே அரைக்கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும், ஏணி வண்டியை ஓட்டிவரும் அண்ணன் கத்தின கத்தல் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

"டேய் தம்பி! ரெண்டு பக்கமும் பச்சைடா! அணை, அணை!"

அணைத்துவிட்டார். அதற்குள் குறுக்குத் தெருவிலிருந்து வந்த பள்ளிக்கூட வேன் ஒன்றும் பெரிய ரோட்டில் வந்த லாரியும் ஒரு முழ இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றன. வேனுக்குள் பத்துப் பதினைந்து பிஞ்சு முகங்கள். சுவிட்சின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. அந்த அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "தூங்குனியா நீ? உண்மையச் சொல்லு" என்றார். வேலைக்குப் பங்கம் வந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் அதை மேலதிகாரிகளிடம் சொல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டார்கள்.

விழுங்கியது செரிக்கவில்லை. படுத்தால் வேன் வந்தது, அசந்தால் லாரி வந்தது. கிடைத்துக்கொண்டிருந்த நாலு மணி நேரத் தூக்கமும் மூன்றாகச் சுருங்கியது. இன்னும் ஒரு நாள் இப்படிக் கை தவறினால் யார் வீட்டுப் பிள்ளையோ போய்விடும் என்ற நினைப்பு வயிற்றிலேயே கிடந்தது. எப்படியாவது ஆறு மணிவரை தூங்கியாக வேண்டும். ஆறு மணி, அவ்வளவுதான். மனிதர் வேறு எதையும் கேட்கவில்லை.

அப்போதுதான் கிடங்கின் மூலையில் கழித்துப் போட்டிருந்த பாதசாரி விளக்கு ஒன்று கண்ணில் பட்டது. பழைய காலத்துச் சாமான். மேலே சிவப்புக் கண்ணாடியில் நிற்கிற மனிதன், கீழே பச்சைக் கண்ணாடியில் நடக்கிற மனிதன். கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பழுதான ஒரு டைமரைச் சரிசெய்து பூட்டி, பிள்ளைகளின் அறையில் கதவுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தார். இரவு முழுக்கச் சிவப்பு. சரியாக ஆறு மணிக்குப் பச்சை.

விளக்கை வைத்துவிட்டால் போதுமா? குருவி சட்டதிட்டத்துக்கு அடங்குகிற பிறவியா? முதல் நாள் சிவப்பு மனிதனுக்கு டாட்டா காட்டிவிட்டு நாலு மணிக்கே வந்து நின்றாள். அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்த எரிச்சலில்தான் அவர் வாயிலிருந்து அது வந்தது.

"சிவப்பு எரியும்போது இந்தத் தரை சும்மா தரை இல்ல, தெரியுமா? ரோடு. கண்ணுக்குத் தெரியாத வண்டிங்க ஓடிக்கிட்டே இருக்கும். காலைக் கீழ வச்சே, அடிச்சிட்டுப் போயிடும்."

குருவியின் கண்கள் அகலமாக விரிந்தன. "சத்தமே கேக்கலையே?"

"சத்தம் போடாத வண்டி. அதுதான் ரொம்ப மோசம். நீ கூப்பிட்டா, சத்தம் வந்த பக்கம் திரும்பி வரும். அதனால கூப்பிடவும் கூடாது."

அந்தக் கடைசி வரியைச் சொன்னபோது தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பதினைந்து வருஷமாக ஊரையே நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறவருக்கு இரண்டு பொடிசுகளை நிறுத்தத் தெரியாதா?

மந்திரம் போட்டாற்போல வேலை செய்தது. மறுநாள் ஆறு மணிக்குத்தான் வந்தார்கள். அதற்கு மறுநாளும் ஆறு மணிக்குத்தான். பத்து நாளில் அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. கம்பிகள் கம்பிகளாகத் தெரிந்தன. "என்ன தம்பி, மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு?" என்று ஏணி வண்டி அண்ணன் கிண்டல் செய்தார். மனைவி மட்டும் ஒரு விடுமுறை நாளில் கேட்டாள்.

"ஏங்க, குருவி ஏன் கட்டில்லயிருந்து எட்டிக் குதிக்கிறா? கீழ எதையோ பாத்துப் பாத்துக் காலை வைக்கிறா?"

"விளையாட்டா இருக்கும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

பிறகு ஒரு காலையில் அவர் தானாகவே விழித்தார். முகத்தில் வெயில் அடித்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. ஆகா, இதுவல்லவோ தூக்கம் என்று சோம்பல் முறித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணி பத்து நிமிடம்.

ஏழு பத்தா?

வீட்டில் சின்னச் சத்தம்கூட இல்லை. ஓட்டமில்லை, சிரிப்பில்லை, அழுகையில்லை. எந்தச் சத்தத்துக்குப் பயந்து இத்தனை பாடுபட்டாரோ, அந்தச் சத்தம் இல்லாதது இப்போது அவரைத் துள்ளி உட்கார வைத்தது. அப்போதுதான் மூக்கில் ஏறியது, ரப்பர் கருகுகிற நாற்றம்.

எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினார். அறைக்குள் மேல்பாதி முழுக்கக் கறுப்புப் புகை. பலகையில் டைமர் பெட்டி உருகி வழிந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்குப் பச்சைக்கு மாறாமல் விளக்கு சிவப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் கண்ணாடி விரிந்து பாதி உடைந்து தரையெல்லாம் சிதறியிருக்க, மிச்சப் பாதிக்குள் சிவப்பு மனிதன் அசையாமல் நின்றான். ஜன்னலின் கறுப்புத் துணி ஒரு முனையிலிருந்து பொசுங்க ஆரம்பித்திருந்தது.

கட்டிலின் நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குருவி ஒரு கையால் தம்பியின் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்தாள், இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தியிருந்தாள். படுக்கை நனைந்திருந்தது. எத்தனை மணியிலிருந்து அப்படி உட்கார்ந்திருக்கிறாளோ! கண்ணில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தாள். கூப்பிடுவதற்காக இல்லை.

"வராதப்பா! சிவப்பு! சிவப்பு எரியுது! வண்டி அடிச்சிடும்பா, வராத!"

அவர் ஓடினார். நாலே எட்டு. அந்த நாலு எட்டுக்குள் குருவி கண்களை இறுக்க மூடிக்கொண்டு வீரிட்டது அவர் எலும்புக்குள் இறங்கியது. இரண்டு பேரையும் வாரி இரண்டு இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார். அடுத்த வீட்டுத் தையற்கார அம்மா கலைந்துபோன தலையோடு ஓடிவந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டார். இவர் திரும்பப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார், ஈரப் போர்வையால் துணியை அடித்து அமுக்கினார். பெரிதாக ஒன்றும் எரியவில்லை. இன்னும் கால் மணி நேரம் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிலிருந்து இன்றுவரை அவர் யோசித்து முடிக்கவில்லை.

வாசற்படியில் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, உள்ளங்காலில் கண்ணாடி ஆழமாக ஏறி ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. தையற்கார அம்மா துணி கிழித்துக் கட்டினார். குருவி அருகில் வந்து குந்தி, காலில் கட்டிய துணியில் ஊறும் சிவப்பையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சொன்னேன்ல. அடிச்சிடுச்சு பாத்தியா."

"இல்லம்மா. அது கண்ணாடி. வண்டியே கிடையாது. அப்பா பொய் சொன்னேன்."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அப்பா சொன்னார், அப்படியே நடந்தது. கண்ணால் வேறு பார்த்துவிட்டாள்.

மனைவி வந்ததும் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. தரையையும் வண்டியையும் சொன்னபோது அவள் திட்டக்கூட இல்லை. "பயமுறுத்தியா வச்சிருந்தீங்க?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாள் நொண்டிக்கொண்டே மேற்பார்வையாளரிடம் போய், இரண்டு பக்கமும் பச்சை எரிந்த கதையையும் சொன்னார். சொல்லாமல் இன்னொரு ராத்திரி தூங்க முடியாது என்று தோன்றிவிட்டது. கம்பிப் பெட்டியிலிருந்து அவரை எடுத்து, விளக்குக் கண்ணாடிகளைத் துடைக்கும் வேலைக்குப் போட்டார்கள். பதினைந்து வருஷ அனுபவக்காரர் கையில் வாளியும் துணியும். ஏணி வண்டி அண்ணன் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

விளக்கு போய்விட்டது, பலகையும் போய்விட்டது. ஆனால் மறுநாள் நாலு மணிக்கு டிக் என்ற சத்தம் கேட்டபின் யாரும் ஓடி வரவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். இருட்டில் குருவி கட்டிலில் விழித்த கண்ணோடு மல்லாந்து கிடந்தாள். கை தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தது. அவர் தரையில் உருண்டு காட்டினார். குதித்துக் காட்டினார். "பாரு, ஒரு வண்டியும் இல்ல" என்று கெஞ்சினார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

"பச்சை வரலையே."

இப்படி எட்டு நாள் போனது. எட்டு நாளும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள், கெஞ்சிக் களைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். என்ன நினைத்தாரோ, வேலை பழகின முதல் வருஷம், விளக்கு அணைந்துகிடந்த சந்திப்பில் குழந்தைகளைக் கைபிடித்துத் தாண்டவிட்டது போல வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்த்தார். பொய்க்காக இல்லை, நிஜமாகவே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"ரோடு காலியா இருக்கு. அப்பா கையைப் பிடிச்சுக்கோ."

குருவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு காலை இறக்கித் தரையைத் தொட்டாள், இழுத்துக்கொண்டாள், மறுபடி தொட்டாள். அவர் விரலை நெரித்துப் பிடித்தபடி, தம்பியையும் இழுத்துக்கொண்டு, நாலு எட்டு நடந்து கதவைத் தாண்டினாள்.

இப்போதும் அப்படித்தான். ஆறு மணிவரை தூங்கப் பார்த்த மனிதர், டிக் என்று தாழ்ப்பாள் விழுவதற்கு முன்பே விழித்துக்கொள்கிறார். முன்பு அவள் தானாக ஓடி வந்து எழுப்புவாள். இப்போது இவர் போய்க் கூட்டிவந்தால்தான் உண்டு. அவளோ இன்றுவரை ஒரு தடவைகூடக் குரல் கொடுத்துக் கூப்பிடவில்லை.