சவூதிப் பையனின் கை

அம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு நாலு வயது. திரும்பி வந்தபோது பத்து. இடையில் என்னை வளர்த்தது பெரியம்மா. அம்மா கொண்டுவந்த பெட்டியிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஏதாவது ஒன்று போனது. பெரியம்மாவுக்குத் தைலம், பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புலிப் படம் போட்ட தடித்த கம்பளி, மற்றவர்களுக்கு ஈச்சம்பழம். ஒரு மாதத்துக்கு அம்மாவைப் போல நல்லவள் பொகவந்தலாவையிலேயே இல்லை.

யாருக்கும் கொடுக்காமல் அவள் வைத்துக்கொண்டது ஒரு தாள்தான். பென்சிலால் ஒரு பிள்ளையின் கையைச் சுற்றி வரைந்திருந்தது. அதற்குள்ளே இன்னொரு சின்னக் கை. கீழே கோணல்மாணலாக அரபு எழுத்து. அம்மா வேலை செய்த வீட்டுப் பையன் வரைந்தது. பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை அவனைத் தூக்கி வளர்த்தவள் அம்மா. சின்னதும் அவனுடைய கைதான், இன்னும் குட்டியாக இருந்தபோது வரைந்தது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எனக்கு அவனைக் கண்ணிலும் காட்டக்கூடாது. எனக்குத் தலை பின்னிவிட வேண்டிய ஆறு வருடமும் அம்மா அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வருடம் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. செத்தவர்களுக்காக எங்கள் லயத்திலும் அழுதார்கள். அந்த அழுகை முஸ்லிம்கள் மேல் கோபமாக மாற இரண்டு நாள்கூட ஆகவில்லை. வருடக்கணக்காகத் தீபாவளித் துணி எடுத்த நானா கடைப் பக்கம் யாரும் போகவில்லை. அம்மா மட்டும் போனாள். அதற்குப் பிறகு மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்க ஆள் இல்லாமல் போனது. பகலில் ரொட்டி சாப்பிடும்போது பெண்கள் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். அரபுக்காரன் சோற்றைத் தின்றவள் என்று பக்கத்து வீட்டு அக்காவே காதுபடச் சொன்னாளாம்.

"அந்தச் சோத்துலதான் ஒங்க வீட்டுக் கம்பளியும் வந்துச்சு" என்றாளாம் அம்மா.

பிறகு பொலிஸ் லயம் லயமாகச் சோதிக்க வருகிறது, அரபு எழுத்து இருந்தாலே பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. பக்கத்து வீட்டு அக்கா கம்பளியின் மூலையில் தைத்திருந்த அரபுச் சீட்டைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள். கம்பளியைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அந்தத் தாளையும் கொளுத்திப் போடு தங்கச்சி. எதுக்கு வம்பு?"

"அவன் ஏழு வயசுப் புள்ளக்கா. எனக்குக் காய்ச்ச வந்தப்ப பக்கத்தவிட்டு எந்திரிக்காதவன். அவன் யாருக்குக் குண்டு வச்சான்?"

பெரியம்மா எழுந்து போய்விட்டாள். அம்மா தாளைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருவன் என்னை அரபுக்காரி மகள் என்றான். வகுப்பே சிரித்தது. அம்மா மலையிலிருந்து இறங்குவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்து, தாளை எடுத்து அடுப்பில் வைத்துக் கொளுத்தினேன். வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் எனக்கு மட்டும் எதிரியாக இருந்தவன் இப்போது ஊருக்கே எதிரி. பெரியம்மா என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லி பிஸ்கட் கொடுத்தாள்.

அம்மா வந்தாள். அடுப்பில் கருகிக் கிடந்த தாளைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

"கையக் காட்டு" என்றாள்.

காட்டினேன். விரல்களை விரித்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலின் ஓரத்தையும் தடவிக்கொண்டே வந்தாள். கொழுந்துக் கறை ஏறிய அவள் விரல் சொரசொரப்பாக இருந்தது. அதன் பிறகு அந்தத் தாளைப் பற்றி அவள் பேசவே இல்லை.

இப்போது நான் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். போன வருடம் புதிதாக வந்த முஸ்லிம் பிள்ளையோடு சாப்பிட யாரும் உட்காரவில்லை. நான் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அவளோடு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து மற்றவர்கள் என்னோடும் பேசுவதில்லை. இதை வீட்டில் சொன்னபோதுதான் அம்மா வாய் திறந்தாள்.

"அந்தத் தாள்ல உள்ள இருந்த சின்னக் கை ஒன்னோடது பாப்பா. போற அன்னைக்கு ஒன் கைய வச்சி வரைஞ்சி எடுத்துக்கிட்டுப் போனேன். நான் அதப் பாத்து அழுவுறதக் கண்டுட்டு, அவன் தன் கையையும் அதுமேல வச்சி சுத்தி வரைஞ்சான்."

அன்றைக்கு அடுப்படியில் அவள் என் விரல்களைத் தடவியபோது, சுட்ட இடத்தைத் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். எங்கேயும் சுடவில்லை அம்மா என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.