இரண்டு நூல் இடைவெளி

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன். கத்தியால் இல்லை... நானே டிசைன் செய்த ஒரு சர்க்யூட் அட்டையால்!

சிதம்பரத்தில் என்ஜினீயரிங் கடைசி வருஷம் என்று இந்தப் பக்கத்தில் பத்துத் தடவையாவது பீற்றியிருப்பேன். அந்தப் பீற்றலை நம்பித்தான் செங்கேணி மாமா வந்தார். கடல் கொந்தளித்தால் கரையில் நின்று கத்திப் படகுகளைத் திரும்பக் கூப்பிடுகிறவர். தொண்டை போய்விட்டது.

"ஒரு மைக் செட் பண்ணிக் குடு தம்பி."

செய்தேன். வயருக்குப் பதில், அட்டைமேல் செப்புக் கோடுகளை விட்டு மிச்சச் செம்பைக் கரைத்துவிடுகிற புது முறை. செட் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்க வேண்டும் — அதுதான் என் ஸ்டைல். அதற்காக, கரண்ட் வருகிற கோட்டுக்கும் மைக்குக்குப் போகிற கோட்டுக்கும் நடுவே அரை நூல்தான் விட்டேன். நூல் என்றால் தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

ரூம்மேட் காதர் பார்த்தான்.

"ரெண்டு நூல் வுடு மச்சான். கடக்கரைடா அது."

"மேல வார்னிஷ் அடிச்சுட்டாப் போச்சு. நீ சும்மா இரு."

"வார்னிஷ் என்னா செவுரா? வெறும் சட்டைடா அது!"

கேட்டேனா? லேபில் செட் ஜோராகப் பேசியது. அந்த ஜோரில் வார்னிஷை மறந்து, கடைசியில் கடலூர்க் கரைக் கொட்டகையில், காற்று அடிக்க அடிக்கப் பூசினேன். முதலில் அட்டையைக் கழுவவில்லை. துடைக்கவும் இல்லை.

ஒரு வாரம் ஓடியது. ஞாயிறு காலை கடல் பொங்க, ஐந்து படகுகள் உள்ளே. லீவென்று நானும் காதரும் கரைக்குப் போயிருந்தோம். ஈர மணலில் வெறுங்காலோடு மாமா மைக்கைப் பிடித்தார்.

"டேய்... திரும்புங்கடா, திரு—"

விழுந்தார். கை மைக்கை விடவில்லை. காதர் ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினான். மூச்சு இருந்தது. மற்றவர்கள் வேட்டியை அவிழ்த்து வீசிக் காட்டித்தான் படகுகள் திரும்பின.

டப்பாவைத் திறந்தேன். வார்னிஷுக்கு அடியில், ஒரு செப்புக் கோட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கருகிய தடம். கடல் உப்பைத் தடுக்கத்தான் வார்னிஷ் — நான் கரைக் காற்றில் படிந்த உப்பை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

புது அட்டைக்கு இரண்டு நூல். மூன்று தடவை கழுவி, காயவைத்து, சிதம்பரத்திலேயே வார்னிஷ். பிஸ்கட் டப்பாவுக்குள் போகவில்லை. போகாவிட்டால் என்ன? மரப்பெட்டி அடித்தேன்.

புதன்கிழமை கொண்டுபோனேன். மாமாவின் வலது கையில் கட்டு. மைக்கைத் தொடவில்லை.

"மொதல்ல நீ புடி. செருப்ப கழட்டு."

கழற்றினேன். காலுக்கடியில் ஈர மணல். சுற்றிலும் படகுக்காரர்களின் பெண்டாட்டிகள். நான் போட்ட கணக்கை நானே நம்புகிறேனா? பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"பேசு."

"மாமா... மன்னிச்சுக்குங்க."

கடலில் நின்ற படகுகளைக் காட்டினார்.

"அவுங்களுக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."

சொன்னேன்.