ஒரு டேங்க் ரெகுலர்

அந்தக் காரை வாங்கியபோது அதற்குப் பதினெட்டு வயது, எனக்கு முப்பத்தைந்து. இருவரில் யாருக்குப் புத்தி குறைவு என்பதில் என் மனைவிக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கன்னங்கரேலென்று, நீள மூக்கோடு, எண்பதுகளில் அமெரிக்காவிலேயே செய்த டர்போ கார். உள்ளே கூரைத் துணி பிய்ந்து தொங்கி, ஓட்டுகிறவர் தலையில் முக்காடு போட்டது. கீழே எண்ணெய் சொட்டியது. விற்றவர் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்று தடவை கைகுலுக்கினார். அவ்வளவு நிம்மதி அவருக்கு. நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்தோம். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். அவள் வடக்கே இருபது மைல் தள்ளி ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்தாள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் பார்க்கக் கூடாது என்று லீசிலேயே எழுதியிருந்ததால், அங்கேயே ஒரு கராஜையும் வாடகைக்கு எடுத்து, கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். வெளியே போகிறவர்களுக்கு என் கால் மட்டும் தெரியும்.

டர்போ என்றால் வேறொன்றுமில்லை. வெளியேறுகிற புகையின் வேகத்தை வைத்தே ஒரு சின்ன விசிறியைச் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான். எவ்வளவு அழுத்தித் திணிக்கிறது என்பதுதான் பூஸ்ட். பூஸ்டைக் கூட்டினால் கார் பறக்கும். அளவு மீறினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜினைத் தட்டும். அதை நாக் என்போம். தட்ட விட்டால் முதலில் இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போகும், அப்புறம் பிஸ்டன், அப்புறம் மானம்.

எனக்கு மானம்தான் முதலில் போனது. 2005-ல் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் ஆசைப்பட்டுப் பூஸ்டைக் கூட்டி வைத்தேன். மறுநாள் காலை தொழுகைக்குப் போகும் வழியில், ரூட் ஒன் நெடுஞ்சாலையில், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி வண்டி நின்றது. பட்டுப் புடவை கட்டி, அதன்மேல் கோட் போட்டு, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தைத் தூக்கில் வைத்துக்கொண்டு அவள் குளிரில் சாலையோரம் நின்றாள். தொழுகை தவறிப்போனது. வண்டியை இழுத்துப்போக டோ டிரக் ஓட்டி வந்தவருக்குப் பெருநாள் பங்காக ஒரு துண்டு வட்டலப்பம் வெட்டிக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் நான்தான் முதலில் கத்தினேன். தப்பு செய்தால் முந்திக்கொண்டு கத்துவது என் வழக்கம். கேஸ்கெட்டை, கேஸ்கெட் செய்தவனை, குளிரை, எல்லாவற்றையும் திட்டி முடித்தேன். அவள் புடவையை மடித்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ரிப்பேர் பண்ணுங்க, வேணாங்கல. பண்ணி முடிச்சதும் ஒரு வாரம் என்னை அந்த வண்டியிலயே வேலைக்கு டிராப் பண்ணணும், பிக்கப் பண்ணணும். மண்டே டு ஃப்ரைடே. ஒரு நாள் மக்கர் பண்ணாலும் வித்துடணும். சரியா?"

"சரி" என்றேன்.

குளிர்காலம் முழுவதும் கராஜில்தான் கிடந்தேன். இன்ஜினின் தலையைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, விறைத்துப்போன ரப்பர் ஹோஸ்களையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். கூரைத் துணியை ஒட்டினேன். அதில் ஒரு சுருக்கம் விழுந்து இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பூஸ்டைக் குறைத்து, அவ்வளவு சீக்கிரம் தட்டாத, விலை கூடின பிரீமியம் பெட்ரோலுக்கு ஏற்றபடி டியூன் செய்தேன். குறைத்தேன் என்றாலும் ரொம்பக் குறைக்க மனசு வரவில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு டர்போ?

மே மாதக் கடைசியில் அந்த வாரம் வந்தது. திங்கட்கிழமை அவள் ஏறி, பெல்ட் போட்டு, கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். அவள் கையில் ஸ்கேன் டூலைக் கொடுத்தேன். சிகரெட் பெட்டியளவு டப்பா. இன்ஜின் எவ்வளவு தட்டுகிறது என்பதை எண்ணாகக் காட்டும்.

"ஜீரோன்னா நல்லது. நம்பர் ஏறினா உடனே சொல்லு."

"ஜீரோ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ஜீரோ" என்றாள். லேபில் ரிசல்ட் படிக்கிற அதே குரல். செவ்வாய் ஜீரோ. புதனும் ஜீரோ. ஒவ்வொரு சிக்னலிலும் நான் வண்டியைத் தாவவிட, அவள் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மறு கையில் டப்பாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரே நாள். வழியில் பெட்ரோல் போடத் திரும்பினேன். நியூ ஜெர்சியில் நாமாகப் பெட்ரோல் போட முடியாது, ஆள் வந்துதான் போடுவார். கண்ணாடியை இறக்கிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பூஸ்டைப் பற்றி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, ரூட் ஒன்னில் ஏறும்போது வழக்கம்போல மிதித்தேன்.

"ஏழு" என்றாள்.

காலை எடுத்துவிட்டேன். "என்னது? சரியாப் பாரு."

"பாத்துட்டேன். ஏழு. இப்ப ஜீரோ."

மெதுவாக மறுபடி அழுத்தினேன். "அஞ்சு" என்றாள். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். ஹோஸ் செய்தவன் ஏமாற்றிவிட்டான், சென்சார் பழசு, பெட்ரோல் பங்க்காரன் தண்ணீர் கலந்திருப்பான் என்று ஊரையே திட்டிக்கொண்டு போனேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"நேத்து நீங்க ரெகுலர்னுதானே சொன்னீங்க? அதனால இருக்குமோ?"

"நானா?"

"'ஃபில் அப், ரெகுலர்'னு சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. வேணும்னுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

ஏழெட்டு வருஷமாக, மலிவான ரெகுலர் பெட்ரோலே போதும் என்கிற எங்களுடைய சின்ன ஜப்பான் காருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். மனசு பூஸ்டில் இருக்கும்போது வாய் தன் பாட்டுக்கு ரெகுலர் என்று சொல்லியிருக்கிறது. ஆறு மாதம் கராஜில் தவம் கிடந்து டியூன் செய்த இன்ஜினுக்கு, நானே என் வாயால் விஷம் ஊற்றியிருக்கிறேன். திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லாமல் போனது.

ஒரே வழிதான் இருந்தது. பூஸ்ட் ஏறாமல், காலைப் பஞ்சு மாதிரி வைத்து ஓட்ட வேண்டும். வலது ஓர லேனுக்கு ஒதுங்கி நாற்பதில் போனேன். மினிவேன்கள் கடந்துபோயின. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் என் வண்டியைப் பார்த்து இன்ஜினை உறுமவிட்டான். பச்சை விழுந்ததும் நான் பால்குடத்தோடு நடக்கிறவன் மாதிரி கிளம்பினேன். கூச்சத்தில் காது சூடானது.

இரண்டு மூன்று சிக்னல் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். அவள் கதவுப் பிடியை விட்டிருந்தாள். மடியில் டிபன் டப்பாவைத் திறந்து ரொட்டியைப் பிய்த்து எனக்கும் ஒரு வாய் ஊட்டினாள். "ஜீரோ" என்றாள், வாயில் ரொட்டியோடு.

பதினோரு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். "இது மக்கர்ல சேருமா?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

ஜும்மா முடிந்து பள்ளிவாசல் பார்க்கிங்கில் நின்றபோது ஒரு நண்பர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "டியூபைப் போட்டு உறிஞ்சி எடுத்துடுங்க பாய். அரை மணி நேர வேலை." சாயங்காலம் அவளிடம் அதைச் சொன்னேன்.

"எதுக்கு உறிஞ்சணும்? நாளைக்குச் சனிக்கிழமைதானே. இன்னிக்கு மாதிரியே ஓட்டித் தீர்ப்போம்."

சனிக்கிழமை முழுவதும் அந்தத் தப்பான பெட்ரோலை எரித்தோம். பெரிய சாலைகளை விட்டுவிட்டு, மேற்கே டெலவேர் ஆற்றோரமாக இரண்டு லேன் ரோட்டில் மேலும் கீழுமாகப் போனோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டோம். பண்ணை வாசலில் ஸ்ட்ராபெரி வாங்கி, கழுவாமலேயே தின்றோம். அவசரமில்லாமல் ஓட்டும்போது அந்த இன்ஜினுக்கு இப்படியொரு அடிக்குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு மாதம் வேகத்தையே தேடிக்கொண்டிருந்ததில் இதைக் கேட்கவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஸ்கேன் டூலைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். பெருநாளன்று சாலையோரம் நின்றவள், நாலு நாள் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தவள், அந்த வண்டியில் வாய் லேசாகத் திறந்து தூங்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமும் இருந்தது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. விற்கச் சொன்னால் விற்க வேண்டும், சொன்ன சொல் சொன்னதுதான். அதற்காகவே பெட்ரோல் முள் கீழே வர வர இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

வெயில் சாயும் நேரத்தில் முள் கால் டேங்குக்கு வந்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அவள் விழித்துக்கொண்டாள். பெட்ரோல் போடுகிறவர் என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். நான் வாயைத் திறந்தேன்.

அவள் பெல்ட்டை அவிழ்த்து, என் மடிமேல் கையூன்றி, ஜன்னல் வரை எட்டிச் சொன்னாள்.

"பிரீமியம். ஃபில் அப். இனிமே இந்த வண்டிக்கு எப்பவுமே பிரீமியம்தான்."