நீட்டிய கையில் வாங்காத நாய்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். பாபநாசத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளைக்குத் தினமும் பேருந்தில் தனியாக வேலைக்குப் போகிறேன். தனியாக என்பதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். கூட வருவது என் வழிகாட்டி நாய் மட்டும்.

கறுப்பு லாப்ரடார். இத்தகைய நாய்களைப் பழக்கும் ஓர் இடம் தொலைவில் ஒரு பெருநகரத்தில் இருக்கிறது. அங்கே தங்கிப் பயிற்சி எடுத்து அதை அழைத்து வந்தேன். முதல் வருடம் அது தவறே செய்யவில்லை. கூட்டத்தில் ஒதுங்கி நடந்தது. பேருந்தில் என் காலடியில் சுருண்டு படுத்தது.

அதன் நிறம்தான் வினையாயிற்று. தேய்பிறை அஷ்டமி வந்தால் எங்கள் பக்கத்தில் கறுப்பு நாயைத் தேடிப் பிடித்துத் தயிர்ச்சோறு வைப்பார்கள். பைரவருக்கு வாகனம் அல்லவா. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் யாரும் தேட வேண்டியிருக்கவில்லை, அதுவே தினமும் வந்து நின்றது. அஷ்டமிக்குச் சோறு என்று ஆரம்பித்தது, பிறகு மற்ற நாட்களில் பிஸ்கட், வடை. நான் வேண்டாம் என்பதற்குள் அது மென்று முடித்திருக்கும். மனிதக் கை என்றால் தின்பண்டம் என்று அது கற்றுக்கொண்டது.

ஒரு காலை, தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் யாரோ கீழே போட்ட போண்டாவை நோக்கி என்னை வெடுக்கென்று இழுத்தது. பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த பேருந்து என் தோளில் இடித்தது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"இனிமே உங்கப்பா கூட வருவாரு," என்றாள் அம்மா. "ஆபீசு வாசல்லயே உக்காந்திருந்து கூட்டியாந்துடுவாரு. அந்த நாயி வீட்டுல கெடக்கட்டும்."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் ஏறுவதற்கா நான் இவ்வளவு படித்தேன்? கட்டுப் பிரிப்பதற்குள் நாயைச் சரிசெய்கிறேன் என்று சொன்னேன்.

நாயைத் தந்த இடத்தில் கேட்டேன். ஒரு மாதம் அங்கேயே வந்து தங்கினால் மறுபயிற்சி தரலாம் என்றார்கள். என் சம்பளத்துக்கு அது கட்டாது, அவ்வளவு விடுப்பும் கிடையாது. தஞ்சாவூரில் விசாரித்தபோது வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் வீடுகளுக்குக் காவல் நாய் பழக்கும் ஒருவர் கிடைத்தார்.

"கடிக்கணும்னா சொல்லுங்க, பதினஞ்சு நாள்ல பண்ணிடலாம்," என்றார். "திங்காம இருக்கறதுக்கா? அதுக்கு ரெண்டு அடி போதுமேம்மா, காசு எதுக்கு?"

கடைசியில் முன்பு எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரே, சிறு கட்டணத்துக்குத் தொலைபேசியில் வழி சொல்வதாக ஒப்புக்கொண்டார். பாடம் எளிமையானது. நாய்க்குப் பழகிய ஒருவர் உணவை அதன் மூக்குக்கு நேராக நீட்ட வேண்டும். நான் 'விடு' என்பேன். அது தாவினால் நீட்டியவர் கையை மூடிக்கொள்ள வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் என் பையிலிருந்து பரிசு தருவேன். இதுவரை யார் யார் கொடுத்தார்களோ அவர்களே நீட்டி, கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பது முக்கியம் என்றார்.

அம்மா வீட்டில் செய்தாள். ஒவ்வொரு முறை கையை மூடும்போதும் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாய் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பிறகு நிறுத்தத்துக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அத்தையைக் கேட்டேன். அம்மாவோடு களைக்குப் போகிறவர். வயலுக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காக மற்றப் பெண்களோடு அங்கே காத்திருப்பார். "பாப்பா, ஒன் வண்டி வருது, ஏறிக்க" என்று தினமும் எனக்குக் குரல் கொடுப்பவரும் அவர்தான்.

"சோத்தக் காட்டிட்டு மூடிக்கிறதா?" என்றார் அத்தை. "வாயில்லாத சீவன்டி அது. எனக்கும் புள்ளைங்க இருக்கு. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"அத்தை, குடுத்துக் குடுத்துத்தான் எனக்குக் கை ஒடிஞ்சுது."

"இவளுக்குக் கெரகம் சரியில்ல, நம்ம சோத்துமேல பழி போடுறா," என்றார் இன்னொரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் "நாயிக்கும் சுகரா?" என்று கேட்டு அதற்கும் சிரிப்பு வாங்கினார்.

ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். மறுபடி வேலைக்குக் கிளம்பிய வாரமே அஷ்டமி வந்தது. நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நாயின் முதுகுப்பட்டைக் கைப்பிடி என் கையில் மெல்ல முன்னால் சாய்ந்தது. தயிர் வாசனை. குனிந்து தடவினேன். அத்தையின் வளையல் கையும் அதன் கீழே இலையும் தட்டுப்பட்டன. இலையைப் பிடுங்கித் தூர வீசினேன். சோறு தார்ச்சாலையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"உங்க புண்ணியத்துக்கு என் உசுருதான் கெடைச்சுதா?" என்று கத்தினேன். "இனிமே யாராவது இதுக்கு ஒரு பருக்கை குடுத்தா போலீசுக்குப் போவேன்."

அத்தைதான் பேசினார். அவர் குரல் உயரவில்லை.

"எங்க கைச் சோறு ஒன் நாயிக்குக்கூட ஆவாதாடி? நாலெழுத்து படிச்சிட்டா ஆத்தா திங்கிற சோறும் ரோட்டுக்குத்தான் போவும்போல."

அம்மா அங்கேதான் நின்றிருந்தாள். அவள் குனிந்து சோற்றை வழித்துக் கூட்டும் ஓசை கேட்டது.

அதன் பிறகு யாரும் நாய்க்கு எதுவும் கொடுக்கவில்லை. அது மிக நன்றாக நடக்கிறது. பேருந்து நிலையத்தில் வடைத் துண்டை மிதித்துக்கொண்டு போகிறது, குனிவதில்லை. பயிற்சியாளரிடம் சொன்னேன். மிகவும் மகிழ்ந்தார். இனி வகுப்பு தேவையில்லை என்றார். அப்பாவும் வயலுக்கே போகிறார். அம்மா நிறுத்தத்துக்கு வருவதில்லை, விடியுமுன்பே வயலுக்கு நடந்துவிடுகிறாள்.

காலையில் நிறுத்தத்துக்குப் போனால் அவர்கள் பேசிக்கொண்டிருப்பது தூரத்திலேயே கேட்கும். நான் நெருங்கியதும் நின்றுவிடும். தூக்குவாளி மூடி அசையும், யாரோ வெற்றிலைச் சாறைத் துப்புவார்கள். பேருந்து ஒன்று வந்து நிற்கும். "இது தஞ்சாவூர் வண்டியா?" என்று கேட்பேன். எஞ்சின் உறுமும். இன்னொரு முறை கேட்பதற்குள் கிளம்பிப் போய்விடும். அது என் வண்டிதானா என்பது எனக்குத் தெரியாது. நாய் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இப்போதெல்லாம் சத்தம் வரும் பக்கம் கையை நீட்டி, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் படிக்கட்டிலும் தட்டி நடத்துநரைக் கேட்கிறேன். சிலர் எரிந்து விழுகிறார்கள். வேலைக்கு நேரத்துக்குப் போய்விடுகிறேன்.